மணிக்காரர் மனைவியின் மூன்று நிமிடம்

மாநகராட்சி அரங்கில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், மேடைக்குக் கீழே சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருப்பவன் நான். என் முன்னால் ஒரு ஸ்டாப் வாட்சும் ஒரு பித்தளை மணியும் இருக்கும். பேசுகிறவர் யாரானாலும் மூன்று நிமிடம்தான், முடிந்ததும் அடித்துவிடுவேன். மேயர் அம்மாவின் கொழுந்தனுக்கே அடித்திருக்கிறேன். அலுவலகத்தில் எனக்கு மணிக்காரர் என்றே பெயர். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் உண்டு, அவை எழுதத் தக்கவை அல்ல.

அன்றைய கூட்டம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் சும்மா கிடக்கும் பதினாலு ஏக்கரைப் பற்றியது. பதினொரு வருடத்துக்கு முன் அங்கே எங்கள் தெரு இருந்தது. சீரமைப்பு என்று சொல்லி இடித்தார்கள். அதே இடத்தில் புது வீடு தருவோம் என்று இருநூற்றுப் பத்துக் குடும்பங்களுக்கும் கையெழுத்துப் போட்ட காகிதம் கொடுத்தார்கள். அதுவரைக்கும் ஊர்க்கோடியில் தற்காலிகக் குடியிருப்பு. நாலாவது மாடியில் ஒரே அறை. கட்டிலுக்கும் என் மனைவியின் தையல் மிஷினுக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் போக முடியும், நானோ கொஞ்சம் பருத்த உடம்பு.

வீடு கட்டக் கம்பெனிகளைக் கூப்பிட்டு மாநகராட்சி மூன்று முறை டெண்டர் விட்டது. ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நாலாவது முறை ஒரு கிடங்குக் கம்பெனி வந்தது. பதினாலு ஏக்கரையும் எடுத்துக்கொள்கிறோம், ஆனால் வீடு கீடு எதுவும் அங்கே கூடாது என்றது. அது நடந்தால் எங்கள் காகிதம் கடலை மடிக்கத்தான் உதவும்.

நான் மாநகராட்சி ஊழியன், அந்த அரங்கில் எனக்கு வாய் கிடையாது. என் மனைவிக்கு உண்டு, எங்கேயும் உண்டு. ஒரு வாரமாக மிஷின் முன்னால் உட்கார்ந்து, போனில் நேரம் வைத்துப் பேசிப் பார்த்தாள். நான் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவாள்.

“என்னதான் பேசப் போறே?”

“அங்க வந்து கேளுங்க. உங்களுக்கு மட்டும் என்ன தனிக் கூட்டம்?”

கூட்டம் காலை பத்து மணிக்குத் தொடங்கியது. நிலத்தின் விலையைக் குறைத்தால் கம்பெனிகள் ஓடி வரும் என்றார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர். கிடங்கு வந்தால் நானூறு பேருக்கு வேலை என்றார் லாரிக்காரர் ஒருவர். “வீடு வரும் வரும்னு பதினோரு வருஷமா முள்ளுச்செடிதான் வளருது. கெடைச்சதைப் புடிச்சுக்கணும் சார்.” அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு கல்லூரி ஆசிரியர் ‘வளர்ச்சி என்றால் என்ன’ என்று தொடங்கினார், கடைசிவரை அது என்ன என்று சொல்லவில்லை. அவருக்கு மணி அடித்தது மனசுக்கு இதமாக இருந்தது.

ஒன்பதாம் டோக்கன் என் மனைவி. அவள் மைக்கை நோக்கி நடந்தபோது முதல் வரிசையிலிருந்த லாரிக்காரர், “பாரேன், பெண்டாட்டிக்கு மட்டும் மணி அடிக்காது” என்று பக்கத்து ஆளிடம் சொன்னார், என் காதில் விழும்படி. எனக்குச் சுருக்கென்றது.

“நான் டெய்லருங்க” என்று ஆரம்பித்தாள். கையில் தாள் கூட இல்லை. “துணிக்கடையில, முழு ரோலையும் வாங்கினாத்தான் குடுப்பேன்னா யார் வாங்குவா? வேணுங்கற அளவு வெட்டிக் குடுத்தா சாயங்காலத்துக்குள்ள ரோல் காலி. நீங்க பதினாலு ஏக்கரையும் ஒரே ஆள் எடுக்கணும்னு டெண்டர்ல எழுதியிருக்கீங்க. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு நம்ம ஊரு கண்ணுலயே படாது. முப்பது வீடு, நாப்பது வீடு கட்டற மேஸ்திரிங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. அவங்களை யாராவது கேட்டீங்களா? நான் கேட்டேன். அரை அரை ஏக்கரா குடுத்தா கட்டறோம்னு ஆறு பேர் சொல்லியிருக்காங்க. அதோ, பின்னாடி உக்காந்திருக்காங்க.”

மூச்சை இழுத்து இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மணி அடித்தேன்.

பதினெட்டு வருடக் கல்யாணத்தில் அந்தப் பார்வையை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். மைக்கை விட்டு நகர்ந்தாள். எங்கள் வீட்டை இன்னொரு தடவை நானே இடித்ததுபோல இருந்தது.

பத்தாம் டோக்கன் ஒரு நர்ஸ். எங்களுக்கு முன்பின் தெரியாதவர். “அந்த ஆறு பேர் எப்படிக் கட்டுவாங்கன்னு எனக்குத் தெரியணும். என் மூணு நிமிஷத்தை அந்த அக்காவுக்கே குடுங்க” என்றார்.

மேயர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் என்னைப் பார்த்தார். விதிப் புத்தகத்தை முழுசாகப் படித்தவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான், மேசையில் வேறு புத்தகம் இல்லாததால்.

“இப்படிக் குடுக்கலாமா, மணிக்காரரே?” என்றார் மேயர்.

எழுந்தேன். “டோக்கனுக்கு மூணு நிமிஷம்னுதான் இருக்கு மேடம். அடுத்தவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல.”

அந்த அரங்கில் நான் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

அவள் திரும்ப வந்தாள். ஆறு மேஸ்திரிகளும் எழுந்து நின்றார்கள். யாருக்கு எத்தனை ஆட்கள், எத்தனை மாதத்தில் முடிப்பார்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு வாங்கிச் சொன்னாள். நேரம் போதவில்லை. பதினோராம் டோக்கன்காரர் தன்னுடையதைக் கொடுத்தார், பன்னிரண்டாமவரும் கொடுத்தார். மூன்று முறையும் நான் தவறாமல் மணி அடித்தேன், அரங்கம் கை தட்டியது. கடைசியில் லாரிக்காரர் எழுந்து, “எனக்கும் வண்டி நிறுத்த அரை ஏக்கரா வெட்டிக் குடுப்பீங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் நிஜமாகவே கேட்டார்.

மதியம் உறுப்பினர்கள் வாக்களித்தார்கள், ஏழுக்கு ஐந்து. நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, பாதையோரத்து மூன்று ஏக்கரில் முதலில் எங்கள் வீடுகள், அடுத்த மாதம் அளந்து கல் நடுவது. காகிதத்தில் எழுதியதெல்லாம் சுவராகிவிடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது நிறுத்தத்தில்தான் வாய் திறந்தாள்.

“அந்த மொதல் மணி, மூணு நிமிஷத்துக்கா அடிச்சீங்க?”

மாட்டிக்கொண்டேன். “பத்து செகண்ட் முன்னாடி. பெண்டாட்டின்னு விட்டுட்டான்னு சொல்லிடுவாங்களோன்னு...”

“தெரியும். கடைசி வரிக்குச் சரியா பத்து செகண்ட் வெச்சிருந்தேன்.”

“அதான் அப்புறம் ஒம்பது நிமிஷம் கெடைச்சுதே, சொல்ல வேண்டியதுதானே?”

“மாட்டேன்னு விட்டுட்டேன். உங்க மேல அவ்வளவு கோவம்.”

“அப்படி என்ன வரி?”

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். “எங்க வீட்டுக்காரரும் இங்கதான் இருக்காரு. அவரால பேச முடியாது. அவருக்கும் சேர்த்துத்தான் பேசறேன்.”

நான் பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துச் சுருட்டினேன். அவள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல், “புது வீட்டுல மிஷினுக்குத் தனி இடம் வேணும், இப்பவே சொல்லிட்டேன்” என்றாள்.

பஸ் எங்கள் பதினாலு ஏக்கரைத் தாண்டிக்கொண்டிருந்தது. முள்ளுச்செடிகளுக்கு நடுவே எங்கள் வாசல் எங்கே இருந்தது என்று அவள் ஒரு இடத்தைக் காட்டினாள். நான் இன்னொரு இடத்தைக் காட்டி, அது ஏன் என்று விளக்க ஆரம்பித்தேன். இறங்கும்வரை நான்தான் பேசினேன், அவள் குறுக்கே பேசவில்லை.