வலது தோளில் சிவப்பு விளக்கு

பெயின்ட் காய்வதற்காக அலமாரியின் மேல்தட்டில் வைத்த வீரர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். முகத்தில் தூசி விழக் கூடாது என்று அவள்தான் அப்படி நிறுத்துவாள். இன்று ஒருவன் மட்டும் திரும்பி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் நீளம்கூட இல்லாத ஆள். அவனை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். பெயின்ட் வாசனைக்கு அடியில் லேசாக டீசல் வாசனை.

அந்த வீட்டில் டீசல் வாசனை அடிக்கும் கை ஒன்றுதான். அவள் கணவன் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்க்கிறான்.

"ஏங்க, இதை எடுத்தீங்களா?"

"எதை?" சாப்பாட்டுத் தட்டிலிருந்து அவன் நிமிரவில்லை. "உன் பொம்மையையா? நான் எதுக்கும்மா அதைத் தொடறேன். தொட்டா வீட்டையே ரெண்டாக்கிடுவே."

"தொடலைங்கறீங்க."

"வேணும்னா கைரேகை எடுத்துப் பாரு. எனக்குப் பாதி விரல்தானே இருக்கு, சீக்கிரம் முடிஞ்சிடும்."

அவள் சிரிக்கவில்லை. எதையாவது மறைக்கும்போதுதான் அவன் அந்த விரல்களை வைத்து வேடிக்கை பேசுவான். கப்பலை இழுக்கும் கயிறு அறுந்து அடித்ததில் போன விரல்கள் அவை. அதன் பிறகு அவனைக் கயிற்றுப் பக்கமே விடாமல் சுக்கானில் நிறுத்திவிட்டார்கள். அவனுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று முதலாளி தரப்பு சொல்ல, மற்ற வக்கீல்கள் கையை விரித்த கேஸை ஒருவர் மட்டும் எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். அந்த வக்கீலும் அவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே மேஜையைச் சுற்றி நிற்பவர்கள். அங்கே அவரிடம் பேசித்தான் அவள் கேஸைக் கொடுத்தாள்.

இரும்புக் கடைக்கு மேலே உள்ள அறையில் இருந்தது அந்த மேஜை. அதன்மேல் அட்டையிலும் பஞ்சிலும் செய்த இடிந்த உலகங்கள். எத்தனையோ ஆயிரம் வருடங்களுக்குப் பிறகு நட்சத்திரங்களுக்கு நடுவே நடக்கப்போகும் ஒரு யுத்தத்தை, சின்னச் சின்ன வீரர்களை நகர்த்தி, டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டி அவர்கள் ஆடுவார்கள். கடைக்கார அண்ணன், தபால்காரர், வக்கீல், இன்னும் சிலர். பெண் என்றால் அவள் ஒருத்திதான். பல்செட் செய்யும் பட்டறையில் வேலை என்பதால் எல்லோருக்கும் அவள் "பல்லக்கா." அவளைவிட மூத்தவர்களுக்கும்தான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கடையில் வாங்கிய படையை வைத்து யார் வேண்டுமானாலும் ஆடலாம். ஆனால் சொந்தமாக ஒரு மறவர் படையை உருவாக்கி, அதற்குப் பிறப்பு, நிறம், சபதம், ஒரு தனித் தந்திரம் எல்லாம் சொல்லி மேஜையில் வைத்து, மற்றவர்கள் சம்மதித்தால், கண்ணாடிப் பெட்டியில் அந்தப் படைக்கென்று ஒரு தட்டு கிடைக்கும். ஒரே சாயலில் இரண்டு படைகளுக்கு இடமில்லை. யார் முதலில் வைக்கிறார்களோ அவர்களுடையது.

அவளுடைய படை நங்கூரத்தார். அவர்கள் பிறந்த உலகத்தில் கடல் வற்றிப்போய்விட்டது. அதனால் வானத்து இருட்டையே கடல் என்று சொல்லிக்கொண்டு அதில் போகிறவர்கள். ஆழத்தில் முங்குபவர்கள் போடுவதுபோல் உருண்டையான பித்தளைத் தலைக்கவசம். கையில் நங்கூரக் கோடரி. ஒருவன் இடுப்பிலிருந்து அடுத்தவன் இடுப்புக்கு ஒரு கயிறு, அதை அறுப்பதில்லை என்று சபதம். அந்தக் கயிறு பல் இடுக்கில் விடுகிற மெழுகு நூல்தான். கவசங்களைப் பல்செட்டுக்கு ஈறு செய்யும் மாவில் பிடித்தாள். அவர்களில் ஒருவன் விழுந்துவிட்டால் செத்தான் என்று சொல்லமாட்டார்கள். கரையேறிட்டான் என்பார்கள். கரையே இல்லாதவர்களுக்கு அதைவிடப் பெரிய சொல் கிடையாது.

இதையெல்லாம் கணவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். தோள் விளக்குகளை அவளுக்குச் சொல்லித்தந்ததே அவன்தான். "கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. எந்த ஊர்க் கப்பலா இருந்தாலும் அப்படித்தான்." அவளும் ஒவ்வொரு தோளிலும் ஊசிமுனையால் ஒரு பொட்டு வைத்தாள். ஞாயிறுதோறும் அவர்களைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவாள், வெளியே எடுக்கத்தான் தைரியம் வராது. வாயைத் திறந்தால் குரல் நடுங்குமே என்று அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

அந்த ஞாயிறு வக்கீல் ஒரு பெட்டியைத் திறந்தார். "ரொம்ப நாளா மனசுல இருந்த ஒண்ணு" என்றார்.

பித்தளைத் தலைக்கவசம். நங்கூரக் கோடரி. இடுப்பிலிருந்து இடுப்புக்குக் கயிறு. அது சாதாரணத் தையல் நூல், பிசிறு தெரிந்தது. வற்றிய கடல், இருட்டில் பயணம் என்று அவர் கோர்ட்டில் பேசுவதுபோல் ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டே போனார். அவள் பார்த்ததெல்லாம் அந்த நூலின் பிசிறைத்தான்.

தபால்காரர் ஒருவனை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "வக்கீல் சார், கப்பல்ல இடப்பக்கம்தானே சிவப்பு? உங்க ஆளுக்கு வலது தோள்ல இருக்கே."

அவள் கை பைக்குள் போனது. மேஜைக்கு அடியில் தன்னுடையவன் ஒருவனை எடுத்து, முதுகுப்புறம் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு வலது தோளில்தான் இருந்தது. முகத்தை நேரே பார்த்துக்கொண்டு பெயின்ட் அடித்தவள், தன் இடதை அவன் இடது என்று நினைத்துவிட்டாள். எல்லோருக்கும் அப்படியே. அந்தத் தப்பு அவளுடையது. அவளுடைய ஆளைக் கையில் வைத்துப் பார்க்காமல் அது அந்தப் பெட்டிக்குள் போயிருக்க முடியாது. மாட்டிக்கொண்டார் என்று நினைத்தாள்.

வக்கீல் சிரித்தார். "தப்பில்ல, தந்திரம். அதுதான் இவங்க விசேஷமே. எதிர்ல வர்ற கப்பலோட சிவப்பு நமக்கு வலப்பக்கம் தெரியணும். இவங்க வரும்போதே இடப்பக்கம் தெரியும். இருட்டுல விளக்கை மட்டும் நம்பி நிக்கிறவன், போறாங்கன்னு நெனச்சு அசந்துடுவான். வந்து ஏறிடுவாங்க."

"அடேயப்பா" என்றார் கடைக்கார அண்ணன். "கோர்ட்டுல இவர் சொல்றதை நம்புறவங்களைச் சொல்லிக் குத்தமில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கையிலிருந்தவனைப் பைக்குள் போட்டுவிட்டாள். குளத்துப் படகில் ஏறினாலே வாந்தி வரும் என்று சொன்ன மனிதர் இவர். இருட்டில் விளக்கை மட்டும் நம்பிச் சுக்கானில் நின்றவன் சொல்லக்கூடிய வார்த்தை அது. ஆக, தப்பு அவள் கணவனின் கண்ணில் பட்டிருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை. ஒருவனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கேஸ் பேசப் போன இடத்தில் வைத்து, அந்தத் தப்புக்கு அழகான அர்த்தமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். பெண்டாட்டியின் சாமர்த்தியத்தைப் பெருமையடித்தானா? இல்லை, வக்கீலைக் கையில் போட்டுக்கொள்ள அவளை எடுத்துக் கொடுத்தானா?

சம்மதம் என்றால் பகடையில் ஆறு, இல்லையென்றால் ஒன்று. எல்லோரும் வைத்தார்கள். எல்லாம் ஆறு.

"பல்லக்கா, உங்களுது?" என்றார் தபால்காரர்.

அவள் குரல் நடுங்கத்தான் செய்தது. "வக்கீல் சார், உங்க ஆளுங்கள்ல ஒருத்தன் செத்துட்டா அதை என்னன்னு சொல்லிக்குவாங்க?"

வக்கீல் அவளைப் பார்த்தார். முதல்முறையாக அவர் முகத்தில் ஏதோ கலைந்தது. "அது... அதை இன்னும் யோசிக்கலம்மா."

அப்படியானால் அதை மட்டும் அவள் கணவன் கொடுக்கவில்லை. வேண்டுமென்றே கொடுக்காமல் வைத்துக்கொண்டானா, அவள் சொன்னபோது காதிலேயே வாங்கவில்லையா? பையில் இருப்பவர்களை எடுத்து மேஜையில் வைத்தால் போதும். ஆனால் செவ்வாய்க்கிழமை கேஸ் கூப்பிடுகிறார்கள். பகடையைத் திருப்பினாள். ஆறு தெரியும்படி வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

வீட்டுக்குப் போகாமல் நேரே அவன் வேலை முடிந்து இறங்கும் படகுத்துறைக்குப் போனாள். பொழுது சாய்ந்து தண்ணீர் கறுத்துக்கொண்டிருந்தது. கயிறு கட்டும் இரும்புக் குற்றியின் மேல் தன் வீரனைக் கடல் பார்க்க நிறுத்தினாள். துறைமுக வாசலுக்கு வெளியே ஓர் இழுவைப் படகு விளக்கைப் போட்டது. இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் சிவப்பு. வருகிறது. அவளுக்கு முதுகைக் காட்டி, போகிறவன்போல் நின்றவனுக்கும் வலது தோளில்தான் சிவப்பு.

என்ன கேட்பது என்று யோசித்தாள். பொம்மையை எடுத்தீர்களா என்றா, கரையேறிட்டான் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்றா? இரண்டுக்கும் அவன் விரலைக் காட்டி வேடிக்கைதான் பேசுவான்.

படகு மெதுவாக வளைந்தது. பச்சை மறைந்தது. துறைக்குத்தான் திரும்புகிறதா, வேறு கப்பலை இழுக்கப் போகிறதா என்று தெரியவில்லை. சிவப்பு மட்டும் தண்ணீரில் நீளமாக ஆடிக்கொண்டிருந்தது.