ஆறு குக்கர், ஒரு விசில்

"நீங்க எஞ்சினியரா?"

"படிச்சது எஞ்சினியரிங். இப்ப அந்த வேலை பாக்கல."

"அப்ப மேனேஜர்?"

"எனக்குக் கீழே ஒருத்தரும் கிடையாது."

"பின்னே என்னதாங்க பண்றீங்க?"

"ஒரு பொருளைச் செய்ய நாலு டீம் வேலை பாக்கும். யார் எதை எப்ப முடிப்பாங்கன்னு கேட்டு, ஒருத்தர் வேலை இன்னொருத்தர் மேல இடிக்காம பாத்துக்கணும். சொன்ன தேதிக்கு முடிக்கலேன்னா மறுபடி கேக்கணும்."

"அப்பவும் முடிக்கலேன்னா?"

"அப்பவும் கேக்கணும்."

"இதைத்தாங்க எங்கப்பா கடையில தினமும் பண்றார். அவர் கத்திப் பண்றார், நீங்க இங்கிலீஷ்ல பண்றீங்க. அவ்வளவுதான்!"

பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படிச் சொல்லிவிட்டு, தி.நகர் ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை கருணாகரன் வாய்விட்டுச் சிரித்தான். ஜெயபாரதிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்புக்காகவே அவனைக் கட்டிக்கொண்டாள்.

வருடங்கள் ஓடிவிட்டன. டெக்னிக்கல் புரோகிராம் மேனேஜர் என்ற அவளுடைய பட்டம் அப்படியே இருந்தது. வீட்டுச் சாமான்களுக்கு மூளை வைத்து விற்கும் அந்தப் பெருங்குடிக் கம்பெனியில் பேசும் பல்பு வந்தது, பேச்சைக் கேட்கும் ஃபேன் வந்தது. இரண்டையும் தேதி தவறாமல் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள். மேடையேறிக் கைதட்டு வாங்கியவன் ஸ்ரீஹரி.

ஸ்ரீஹரி அவளுக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்தவன். எந்த டீம் எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறது என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்ததே அவள்தான். இன்று அவன் டைரக்டர். காலையில் அவள் தமிழில் சொன்னதை மாலையில் ஆங்கிலத்தில் சொல்வான். எல்லோரும் குறித்துக்கொள்வார்கள். வேறு திறமை அவனிடம் இருந்தால் அதை அவன் பத்திரமாக ஒளித்து வைத்திருந்தான்.

அவன் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் நேராக ஒரு வண்ணப் பொட்டு வைக்க வேண்டும். ஒழுங்காகப் போகிறது என்றால் பச்சை, கொஞ்சம் இழுக்கிறது என்றால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. சிவப்பு வைத்தவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். பச்சை வைத்தவர் காபி குடிக்கப் போகலாம். ஆகவே அந்தக் கம்பெனியில் எல்லாமே எப்போதும் வயல்வெளி மாதிரி பச்சையாக இருந்தது.

இந்த முறை குக்கர். விசிலைக் காதால் கேட்டு, எண்ணி, சொன்ன எண்ணிக்கை வந்ததும் தானே அடுப்பை அணைத்துவிட்டு, "சமையல் தயார்" என்று குழைவான பெண் குரலில் அறிவிக்கும் குக்கர். சோதனை அறையில் இருந்தது ஒரே அடுப்பு. முறை போட்டுக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகச் சமைத்துப் பார்த்தார்கள். பெருங்குடிக் குப்பைமேட்டு வாடைக்குப் பயந்து அந்த அறையின் சன்னலை ஒருநாளும் திறந்ததில்லை. குக்கர் அங்கே ஒரு தப்பும் செய்யவில்லை.

ஜெயபாரதி ஒன்றை அபிராமபுரத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கடை திறப்பதற்கு முன் சோறு வைப்பது கருணாகரனின் வேலை. அவன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டான்.

"பாரதி, மூணு விசில் வச்சேன். ரெண்டுதான் அடிச்சுது. அதுக்குள்ள தயார்ங்குது. அரிசி அப்படியே முழிக்குது பாரு."

"மூணாவதும் கேட்டுதே!"

"அது டயானா வீட்டு விசில்மா." சமையலறைச் சன்னலுக்கு எதிரேயே பக்கத்து ஃபிளாட் டயானாவின் சன்னல். "உன் குக்கர் நம்ம அரிசியை விட்டுட்டு அவங்க பருப்பைக் கவனிச்சுக்கிட்டு இருக்கு. எங்க பெரியம்மா மாதிரி."

சிரித்தாள். அடுத்த நிமிடம் சன்னலுக்கு வெளியே காதைக் கொடுத்தாள். இந்த ஊரில் காலையில் எந்த வீட்டில்தான் குக்கர் கூவவில்லை?

செவ்வாய்க்கிழமை சிவப்புப் பொட்டு வைத்தாள். கைப்பிடியில் அதிர்வை உணரும் ஒரு சில்லு வைத்தால் தன் விசில் எது, பிறத்தியார் விசில் எது என்று குக்கருக்குத் தெரிந்துவிடும், ஆனால் வெளியீட்டைத் தள்ளிப்போட வேண்டும் என்றாள்.

"ஒரு வீட்ல நடந்ததுக்காக ப்ராஜெக்டையே சிவப்பாக்குவியா?" என்றான் ஸ்ரீஹரி. "உன் வீட்டு சன்னலைச் சாத்திக்கோ, ஜெயபாரதி."

"சாத்தினா அடுப்படியில நிக்க முடியாது, ஹரி."

"ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கு. நம்ம ஃபேனே வாங்கு, தள்ளுபடி உண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் பொட்டைப் பச்சையாக்கினான். அவளும் வாயை மூடிக்கொண்டாள். காரணம் இருந்தது. புரோகிராம் லீட் என்ற நாற்காலி இந்த வருடம் காலியாகிறது. "உன் பேரைச் சொல்லியிருக்கேன்" என்று ஸ்ரீஹரி வருடாவருடம் சொல்வது போல இந்த வருடமும் சொல்லியிருந்தான். இந்த நேரத்தில் சண்டைக்காரி என்று பெயர் வாங்குவானேன்?

"அந்த லீட் வேலையைக் கேட்டியா?" என்றான் கருணாகரன் அன்று சாயங்காலம்.

"குக்கர் வெளிய வரட்டும். அப்புறம்."

"போன தடவை ஃபேன் வரட்டும்னே. அதுக்கு முன்னால பல்பு. ஊர்ல இருக்கறவனையெல்லாம் எப்ப, எப்பன்னு கேட்டு உயிரை எடுக்கறே. உன் விஷயம்னா மட்டும் வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நாமளா போய்க் கேட்டா நல்லாருக்காதுங்க. செஞ்ச வேலையைப் பாத்து அவங்களாத் தரணும்."

"எங்க கடைக்கு வந்து கண்ணாடிக்கு வெளியவே நின்னு பாரு. எந்தப் புடவை தானா உன் பையில வந்து ஏறுதுன்னு பாக்கறேன்."

அவன் சொன்னது தைத்தது. அதனாலேயே சாம்பாரில் உப்பில்லை என்று அவனிடம் சண்டை பிடித்தாள்.

கடைக்காரர்களுக்குக் குக்கரைக் காட்டும் விழா தேனாம்பேட்டையில் ஒரு ஓட்டல் அரங்கில் நடந்தது. மேடையில் ஒரு குக்கர் போதும் என்று ஜெயபாரதி இரண்டு முறை சொன்னாள்.

"ஒண்ணு வச்சா பொட்டிக்கடை மாதிரி இருக்கும். ஆறு வைக்கிறோம், ஆறு கலர்ல" என்றான் ஸ்ரீஹரி.

ஆறு அடுப்பு, ஆறு குக்கர், ஒவ்வொன்றுக்கும் மூன்று விசில். கம்பெனி முதலாளி சிதம்பரநாதன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீஹரி காலரில் மைக்கைச் செருகிக்கொண்டு, நாளைய சமையலறை என்று எதையோ ஆரம்பித்தான்.

மஞ்சள் குக்கர் முதலில் விசிலடித்தது. ஆறு குக்கரும் ஒன்று என்று எண்ணிக்கொண்டன. நீலம் அடித்தது. ஆறும் இரண்டு என்றன. சிவப்பு அடித்ததும் ஆறு அடுப்பும் ஒரே மூச்சில் அணைந்தன. "சமையல் தயார்" என்று ஆறு பெண் குரல்கள் சேர்ந்திசை பாடின. இன்னும் மூன்று குக்கர்கள் வாயையே திறந்திருக்கவில்லை.

ஸ்ரீஹரி விவரம் புரியாமல் அதில் ஒன்றின் மூடியைத் திறந்து, கரண்டியால் அள்ளித் தட்டில் போட்டான். கலகலவென்று சத்தம் கேட்டது. சோறு விழுந்தால் அப்படிச் சத்தம் வராது.

திருநெல்வேலியில் மூன்று கடை வைத்திருக்கும் நெடுஞ்செழியன் அண்ணாச்சி எழுந்து நின்றார். "ஏ தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். இதை வாங்குனவன் தெனமும் பக்கத்து வீட்டுக்குப் போயி, எக்கா, நீங்க எப்ப உலை வைப்பியன்னு கேட்டுட்டுல்லா அடுப்பு பத்த வைக்கணும்?"

அரங்கம் அதிர்ந்தது. ஸ்ரீஹரியும் சிரிக்க முயன்றான். அதுவும் வேகவில்லை.

பிறகு மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் சிதம்பரநாதன் எல்லோரையும் கூட்டினார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"எப்படி நடந்தது?"

"ப்ராசஸ்ல ஒரு சின்ன கேப், சார்" என்றான் ஸ்ரீஹரி. நாக்கு அதற்குள் நிமிர்ந்துவிட்டது. "நானே கவனிச்சேன். அதனாலதான் புரோகிராம் லீட் வேலைக்கு வெளியிலேருந்து பிரணவ்னு ஒருத்தரைப் பேசி முடிச்சிருக்கேன். நீங்க சரின்னா திங்கட்கிழமை சேர்றார். ஜெயபாரதி கூட இருந்து எல்லாம் சொல்லிக் குடுப்பா. அவதானே நமக்கெல்லாம் முதுகெலும்பு!"

முதுகெலும்பு பேசாது என்ற தைரியம் அவனுக்கு.

ஜெயபாரதி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த நாற்காலிக்காகத்தான் சிவப்பைப் பச்சையாக்க விட்டாள். அதனால்தான் ஆறு குக்கரும் இன்று அவள் கண்ணெதிரே மானத்தை வாங்கின. இனி இன்னொருவனுக்கும் எந்த டீம் எந்த மாடி என்று காட்ட வேண்டும்.

"இது முன்னாடியே யாருக்கும் தெரியாதா?" என்று கேட்டார் சிதம்பரநாதன்.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள். "எங்க வீட்டு அடுப்பிலேயே பாத்தேன். சிவப்பு வச்சேன். ஹரி பச்சையாக்கினார். நானும் அதுக்கு மேல வாயைத் திறக்கல. அது என் தப்பு."

ஸ்ரீஹரி மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை ஆராயத் தொடங்கினான்.

"சரி. இப்ப இதை எப்ப சரி பண்ணி முடிக்கலாம்?"

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. ஸ்ரீஹரியின் தலையும்தான். தேதி என்றால் எப்போதும் அவளைத்தானே பார்ப்பார்கள். தேதி அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சில்லு எங்கே கிடைக்கும், எந்த டீம் முதலில் தொட வேண்டும், எல்லாம் தெரியும். வழக்கம் போல் சொல்லிவிட்டு வெளியே போய்விடலாம்.

கண்ணாடிக்கு வெளியே நிற்கும் பெண்ணை ஒரு கணம் நினைத்துக்கொண்டாள்.

"தேதி சொல்றேன் சார். முதல்ல எனக்கு ஒண்ணு கேக்கணும். இத்தனை வருஷமா கேக்காம இருந்துட்டேன்." குரல் நடுங்கியது. அவள் அதை நடுங்க விட்டாள். "அந்த லீட் வேலையை எனக்குக் குடுங்க."