கத்தி பிடிக்கிற கை

நெல்லித்தோப்பில் என் சலூனுக்கு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குத் தலை நிமிராது. துணியைப் போர்த்தி முடிச்சுப் போடுவதற்குள் அதற்கடியிலிருந்து போன் வெளியே வந்துவிடும். "தலையத் தூக்குப்பா, முன்முடி எங்க இருக்குதுன்னு நான் தேடிக்கினு இருக்கணுமா?" என்று எரிந்து விழுவேன். தூக்குவார்கள். இரண்டு நிமிஷத்தில் மறுபடி கவிழ்ந்துவிடுவார்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த இந்தக் கொளஞ்சிதான், மத்தியானம் ஆள் குறைந்ததும் அதே நாற்காலியில் சரிந்து, போனை மடியில் வைத்து, தாடை நெஞ்சில் முட்டக் கிடப்பான். ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானாக வரும். காலையிலிருந்து மற்றவர்கள் தலைக்குக் குனிந்தது போதாதென்று இதற்கும் குனிந்தேன். வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன்தான். "உம் மூஞ்சிய நேராப் பாத்து ஒரு வருஷம் ஆவுதுய்யா" என்பாள் என் மனைவி சந்திரகலா.

கழுத்துப் பிடித்துக்கொண்டால் பக்கத்தில் சாரம் பகுதியில் சலூன் வைத்திருக்கும் கலியபெருமாளிடம் போவேன். எங்கள் தொழிலில் ஒருவனுக்குக் கழுத்துப் பிடித்தால் இன்னொருவன் சொடக்கு எடுத்துவிடுவான். தாடையைப் பிடித்து ஒரு திருப்பு, படக்கென்று ஒரு சத்தம், அப்பாடா என்றிருக்கும். நானே ஆயிரம் பேருக்கு எடுத்திருக்கிறேன். சத்தம் வந்தால் வலி போய்விட்டது என்பது எங்கள் கணக்கு.

தை மாசத்தில் விரல்கள் மரக்க ஆரம்பித்தன. சட்டைப் பொத்தான் போட நேரம் பிடித்தது. சீப்பு தானாகக் கீழே விழுந்தது. குனிந்தால் பிடரியிலிருந்து முதுகு வழியாகக் கால்வரை ஷாக் அடித்த மாதிரி ஓடியது. வாரத்துக்கு மூன்று தடவை கலியபெருமாளிடம் போனேன். சத்தம் நன்றாகத்தான் வந்தது. விரலுக்கு உணர்ச்சிதான் திரும்பவில்லை.

கடைசியில் சந்திரகலா என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, முடிந்த வேகத்தில் மூடி மூடித் திறக்கச் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். பத்து விநாடியில் இருபது தடவையாவது வரவேண்டுமாம். எனக்குப் பதினொன்று வந்தது.

"கழுத்துல தண்டுவடம் நசுங்குதோன்னு சந்தேகமா இருக்கு. ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம். அதுவரைக்கும் சொடக்கு கூடவே கூடாது. மடியில வச்சு போன் பாக்கறத விடுங்க. கத்தியும் புடிக்காதீங்க."

"கத்தி புடிக்கலன்னா எப்பிடி சார்?"

"கை வராமப் போச்சுன்னா எப்பிடிங்க?"

எனக்குக் கோபம்தான் வந்தது. படியில் இறங்கும்போது கால் இடறியது, செருப்பைத் திட்டினேன். ஆட்டோவில் உட்கார்ந்ததும் 'கழுத்து நரம்பு சரியாக' என்று போனில் தேடினேன். அதற்கும் குனிந்துதான்.

ஸ்கேனுக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை ஷஃபீக் வீட்டுக்கே வந்துவிட்டான். பக்கத்துத் தெருக்காரன். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது.

"நாளைக்கு ஏழாம் நாளுண்ணே. புள்ளைக்கு முடி எறக்கணும். நீங்கதான் வரணும்."

அவன் தங்கச்சி பிள்ளைகள் இரண்டுக்கும் நான்தான் இறக்கினேன், ஒரு கீறல் கிடையாது. அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சந்திரகலா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பான். கொளஞ்சிக்குக் கை போய்விட்டது என்று சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் தெரிந்துவிடும். "வந்துடறேம்பா" என்று சொல்லிவிட்டேன். வெட்டி கௌரவம், வேறென்ன.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கலியபெருமாள் கடைக்குப் போனேன். "இன்னிக்கு ஒரு நாளு கை நிக்கணும்டா" என்றேன். இரண்டு பக்கமும் திருப்பினான். இரண்டு பக்கமும் சத்தம் வந்தது. கண் கொஞ்சம் இருட்டியது. தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஷஃபீக் வீட்டில் நான் பையிலிருந்து மிஷினை எடுத்ததுமே அவன் அம்மா ஜீனத்துன்னிசா தடுத்துவிட்டார். "மிஷின் வேணாம் கொளஞ்சி. கத்திய போடு. முடிய நிறுத்து அந்த எடைக்கு வெள்ளி குடுக்கணும். ஒண்ணு கூட நிக்கக் கூடாது."

ஷஃபீக் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துத் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டான். அவன் மனைவி நூரீன் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புது பிளேடு மாட்டினேன். மூன்று தடவை முயற்சி செய்துதான் மாட்ட முடிந்தது. யாரும் கவனிக்கவில்லை.

தலையை நனைத்தேன். உச்சிக்குழி மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. எலும்பு கூடாத இடம், தோல் மட்டும்தான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ குழந்தைக்கு இறக்கியிருக்கிறேன். அன்றுதான் அந்தத் துடிப்பைப் பார்க்கவே பயமாக இருந்தது. அப்போதாவது எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை.

இடது பெருவிரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். முதுகில் ஷாக் ஓடியது. முன்பக்கம் வந்தது, வலது பக்கம் வந்தது. உச்சிக்குப் பக்கத்தில் போகும்போது குழந்தை லேசாகச் சிணுங்கியது.

"ரத்தம்!" என்று கத்தினான் ஷஃபீக். "அண்ணே, ரத்தம்ண்ணே!"

குழந்தையின் நெற்றி வழியாகச் சிவப்பாக இறங்கியது. நூரீன் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். ஜீனத்துன்னிசா ஈரத்துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க என் உயிர் என்னிடம் இல்லை. நெற்றி, உச்சி, காதோரம் எல்லாம் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்! புள்ளைக்கு ஒண்ணுமில்ல" என்றவர் என் இடது கையைப் பார்த்தார். "அடப்பாவி, உன் வெரலப் பாருடா!"

பார்த்தேன். பெருவிரல் நகத்துக்குக் கீழே பிளந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. ரத்தம் மணிக்கட்டு வரைக்கும் வழிந்திருந்தது.

எல்லாருக்கும் போன உயிர் வந்ததில் ஒரு சிரிப்பு. ஜீனத்துன்னிசா டெட்டாலை எடுத்துவந்தார். "எரியும், பல்லக் கடிச்சிக்கோ" என்று தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றினார். என் முகத்தைப் பார்த்தார்.

"எரியலையா?"

"இல்ல பாயம்மா."

இன்னும் கொஞ்சம் ஊற்றினார். "இப்ப?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்ல" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. மகன் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கினார், பாதி மழித்த தலையோடு அப்படியே. நூரீன் கையில் கொடுத்து உள்ளே போகச் சொன்னார். அறைக்குள் தாழ்ப்பாள் விழுந்தது.

கை மரத்துப்போனதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஷஃபீக் என் முகத்தையே பார்த்தபடி வலது பக்கமாக நகர்ந்து வந்தான். என் கையிலிருந்து கத்தியை அவன் உருவிக்கொண்டது எனக்குத் தெரியவில்லை. அது அவன் கையில் இருப்பதைப் பார்த்த பிறகுதான், என் கை காலி என்று தெரிந்தது.