அடங்காத அலகு

கதிரவன் உச்சியை எட்டியும் ஒளி தரையை எட்டாத பனிக்கால நண்பகல் அது. ஆற்றை ஒட்டி நீண்டு கிடந்த தொழிற்கூடங்களின் தகரக் கூரைகளெல்லாம் ஈரம் பூத்து மங்கி நிற்க, புகைபோக்கிகளினின்று எழுந்த புகை மேலேறவும் மாட்டாமல் கலையவும் மாட்டாமல் கூரைக்கும் வானுக்கும் இடையே தொங்கிக்கொண்டிருக்க, அவை அனைத்துக்கும் நடுவே எட்டு மாடி உயரத்தில் வாயில் ஒன்றும் சாளரம் ஒன்றும் மட்டுமே உடையதாய் நின்றது தூள்கோபுரம். அதன் உச்சியில் உருகிய எஃகைச் சிறு துளையொன்றின் வழியே ஒழுகவிட்டு, ஒழுகும் அக்கனல் இழையின்மேல் நாற்புறமிருந்தும் கடுவிசையோடு வளியைப் பாய்ச்சுவர். இழை எண்ணிலாத் துளிகளாய்ச் சிதறி, நிலம் தொடுமுன்னே குளிர்ந்து, சலித்த மாவினும் நுண்ணிய தூளாய் அடியில் படியும். அத்தூளைக் கலத்தில் அடைத்து, உள்ளிருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி வாய்மூடி, மீண்டும் உருக்காமலே வெப்பத்தாலும் எப்புறமும் நெருக்கும் அழுத்தத்தாலும் ஒரே உடலாக்குவர். அறியாதவர் கண்ணுக்கு அது வெறும் இரும்புக்கட்டி. கத்தி செய்வாருக்கோ அதனினும் சீரான எஃகு வேறில்லை.

கோபுரத்துக்கு எதிரே, ஒற்றைக் கண்ணாடிச் சாளரம் வைத்த உலையறையில் பன்னீராண்டாகக் கத்தி அலகுகளுக்குப் பதம் ஊட்டி வந்தவளை யாவரும் உலைக்காரி என்றே அழைத்தனர். அவள் கணவன் கோபுரத்தின் தூள்காரன். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அஞ்சுவான்போல் பேச்சைச் சுருக்கியவன். நாள்தோறும் நண்பகலில் அச்சாளரத்தைக் கடக்கையில் மோதிரவிரல் நகத்தால் கண்ணாடியில் இருமுறை தட்டி, சற்றே நிறுத்தி, மீண்டும் ஒருமுறை தட்டுவான்; 'தேநீர் ஆறுகிறது, வா' என்பது அதன் பொருள். இருபதாண்டு இல்வாழ்க்கையில் அவன் சொன்ன அன்புமொழி அனைத்தையும் திரட்டினாலும் அம்மூன்று தட்டுக்கு ஈடாகாது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மூன்று திங்களுக்கு முன் ஒருநாள், எஃகு ஒழுகிக்கொண்டிருந்த பொழுதிலேயே, அதைக் கண்காணிக்கும் காவற்கண்ணாடியின் முன் நாற்காலியில் அமர்ந்தபடி அவன் நெஞ்சு நின்றுபோயிற்று. கோபுரம் அதை அறியவில்லை. எஞ்சிய எஃகைத் தானே தூளாக்கி முடித்துத் தானே அணைந்தது.

அத்தூள் கட்டியாகி, கட்டி தகடாகி, தகடு பன்னிரண்டு அலகுகளாய் வெட்டுண்டு, இப்பனிநாளில் உலையறைக்கு வந்து சேர்ந்தது. கொணர்ந்தவன் சாணைக்காரன்; அவள் கணவனின் தம்பி. அலகுகளின் பிடி பொருத்தும் வாலில் பொறித்திருந்த நானூற்றுப் பதினேழு என்னும் தூள்தொகுதி எண்ணை அவள் கண்டாள். கணவனின் நாட்குறிப்பில் கடைசிப் பக்கத்தில் இருந்த எண் அதுவே. அதற்குக் கீழே அவன் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"அண்ணி, இது அண்ணன் கடைசியா இறக்கின தூளு. மனசு கஷ்டமா இருந்தா சொல்லுங்க, அடுத்த ஷிப்டுல கொடுத்துடறேன்."

"அவர் சிதறடிச்சதை நான்தான் தம்பி சேர்த்து எடுக்கணும். வெச்சுட்டுப் போங்க."

படிப்பவரே, கத்தியின் பதம் பற்றி ஒரு சொல் இங்கே கூறாவிடில் பின்வருவது விளங்காது. ஆயிரத்து எண்பது பாகை வெம்மையில் சிவந்த அலகை எடுத்து, இரு தடித்த தகடுகளுக்கிடையே அழுத்திக் குளிர்விப்பர். அக்கணமே அது கடினமாகும். ஆயினும் அக்கடினம் கண்ணாடியின் கடினம். உள்ளே இழுபறி ஓயாமையால் தொடாமலே வெடிக்கவும் கூடும். பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்பதுபோல், அந்நிலையில் உள்ள அலகைப் பச்சை என்பது அக்கூடத்தார் வழக்கு. அதை இருநூறு பாகைச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து ஆற்றி, மீண்டும் வைத்து ஆற்றி, மூன்றாம் முறையும் வைத்து ஆற்றினால்தான் இழுபறி தீரும். அப்போது 'அடங்கிற்று' என்பர். பச்சைக்கும் அடங்கியதற்கும் கண்ணளவில் வேற்றுமை இல்லை. ஆகவே ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு சுண்ணக்கோடு வாலில் இழுப்பர். மூன்று கோடு இல்லாத அலகைச் சாணையில் வைக்க எவனும் துணியான்.

அன்று பன்னிரண்டு அலகுகளையும் குளிர்வித்து அவள் பலகையில் வரிசையாகப் பரப்பினாள். பச்சை எஃகு ஆறும்போது இங்கொன்றும் அங்கொன்றுமாய்க் கிண்ணென்று ஒலிப்பது இயல்பே. அதை எத்தனையோ ஆயிரம் முறை கேட்டவள் அவள். ஆனால் கடைசி அலகு இருமுறை ஒலித்தது. சற்றே நின்றது. மீண்டும் ஒருமுறை ஒலித்தது.

காது ஏமாற்றிற்று என்று தன்னையே கடிந்துகொண்டு, குனிந்து, செவி சாய்த்துக் காத்தாள். கால்மணி நேரம் கழித்து அவ்வோசை பிழையின்றி மீண்டும் வந்தது. அலகைச் சூட்டில் வைத்தால் அது அடங்கிவிடும் என்பதை அவளினும் நன்கறிந்தவர் யார்? பதினோரு அலகுகளை மட்டும் சூட்டறையில் அடுக்கி, பன்னிரண்டாவதைத் துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்தாள். எவரேனும் கண்டால் கேள்வி எழக்கூடாதென்று அதன் வாலில் மூன்று சுண்ணக்கோடுகளையும் இழுத்துவிட்டாள். பன்னீராண்டில் அவள் இழுத்த முதற் பொய்க்கோடு அதுதான்.

மறுநாள் சாணைக்காரன் எண்ணிப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "பன்னிரண்டுல ஒண்ணு குறையுதே அண்ணி. எலி தூக்கிட்டுப் போச்சா?"

"விரிசல் விட்டுச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"உங்க கையில விரிசலா? சூரியன் மேற்கால உதிச்சிருக்கும் போல," என்று சிரித்துக்கொண்டே போனான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் அன்று அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன்பின் நண்பகல்தோறும் உலையறைக் கதவை ஒருக்களித்து, இரண்டு குவளையில் தேநீர் ஊற்றி, இழுப்பறையைத் திறந்துவைத்து அமர்வாள். இரண்டாம் குவளையிலிருந்து ஆவி அடங்கும் வேளையில், துணிக்குள்ளிருந்து அம்மூன்று தட்டும் எழும். முதல் நாட்களில் நெடுநேரம் ஒலித்தது, நாளடைவில் ஒரே ஒருமுறை மட்டும் ஒலித்தது. அவள் அச்சம் கொண்டாள். ஆனால் அவ்வோசையை எண்ணி அல்ல, அது நின்றுவிடுமோ என்றுதான். எந்நேரமும் வெடிக்கக் கூடியதை மடியருகே வைத்திருக்கிறோம் என்னும் அறிவு அவளுக்கு இருந்தது. அறிவு இருந்து என்ன செய்ய, ஆசை அதன் வாயைப் பொத்திவிட்டதே.

ஒன்பதாம் நாள் நண்பகல். எஃகைக் கடுங்குளிரூட்டும் நீர்மம் அடைத்த கலங்கள் வந்திறங்கியமையால் கையொப்பமிட அவள் பண்டகத்துக்குப் போக நேர்ந்தது. அவ்வேளை சுண்ணக்கட்டி தேடி உலையறைக்கு வந்த சாணைக்காரன் இழுப்பறையைத் திறந்தான், துணியை விலக்கினான், எண்ணைக் கண்டான், மூன்று கோடுகளையும் கண்டான். அண்ணன் நினைவாக அண்ணி ஒளித்து வைத்திருக்கிறாள் என்று எண்ணி அவன் கண் கலங்கிற்று. கூர்தீட்டிப் பிடி பொருத்தி அவள் கையில் கொடுத்து மகிழ்விப்போம் என்று அன்பினாலேயே எடுத்துச் சென்றான்.

அவள் திரும்பி வந்தபோது இழுப்பறை வெறுமையாய்க் கிடந்தது. யார் எடுத்திருக்கக்கூடும் என்று எண்ணி முடிக்குமுன் சாளரக் கண்ணாடி ஒலித்தது. இரண்டு, பின் ஒன்று. வெளியே பனியன்றி எவரும் இல்லை. மீண்டும் இரண்டு, பின் ஒன்று. இடைவெளி குறைந்து, விசை கூடி, ஒருநாளும் அவன் தட்டியிராத வகையில், பொறுமை இழந்த கையொன்று தட்டுவதுபோல் மீண்டும் மீண்டும் ஒலித்தது. கண்ணாடியருகே ஓடிப் பார்த்தவளுக்குப் பனியின் ஊடே ஒன்றே ஒன்று தெரிந்தது. சாணைக்கூடத்தின் திறந்த கதவுக்குள் விளக்கு எரிந்தது.

ஓடினாள். சாணை முழுவிரைவில் சுழன்றுகொண்டிருக்க, கையில் அலகோடு அவன் நிற்கக் கண்டு, சுவரில் இருந்த மின்விசையைப் பிடித்து இழுத்தாள். கல்லின் இரைச்சல் மெல்ல மெல்லத் தாழ்ந்தது.

"என்ன அண்ணி?"

"அதைக் கீழ வைங்க தம்பி. மெதுவா வைங்க. அது பச்சை."

"மூணு கோடு இருக்கே."

"நான் போட்ட கோடுதான். பொய்."

அவன் அலகைப் பட்டடையின்மேல் வைத்து இரண்டடி பின்வாங்கினான். யாரும் தொடாத அலகு மணி அடித்தாற்போல் ஒருமுறை ஒலித்து மூன்று துண்டாயிற்று. இரண்டு துண்டு பட்டடையிலேயே கிடக்க, மூன்றாவது பாய்ந்து எதிர்ச் சுவரின் மரப்பலகையில் தைத்தது. அவன் குனிந்து சாணை பிடிக்கும்போது அவன் கண் இருக்கும் உயரம் அது.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு அண்ணி," என்றான் அவன். குரலில் சினம் இல்லை. அதுவே அவளைச் சுட்டது.

"தெரியும் தம்பி. செத்தவர் சத்தத்தைக் கேக்கணும்னு உயிரோட இருக்கற உங்களை மறந்துட்டேன். நான் செஞ்சது தப்பு."

என்ன ஓசை என்று அவன் கேட்க, அவள் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். கேட்டு முடித்தவன் சொன்னான்: "கல்லுல வைக்கப் போனப்போ பின்னால ஜன்னலைத் தட்டின மாதிரி இருந்துச்சு. நீங்கதான் கூப்பிடறீங்கன்னு கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன்."

"ரெண்டு, அப்புறம் ஒண்ணா?"

"ஆமா அண்ணி."

சாணைக்கூடத்தில் சாளரம் இல்லை.

அன்று பிற்பகல் அவள் அம்மூன்று துண்டுகளையும் உலையறைக்குக் கொண்டுவந்து, பொய்க்கோடுகளை ஈரத்துணியால் துடைத்து, சூட்டறையில் வைத்தாள். உடைந்த அலகுக்குப் பதம் ஊட்டிப் பயன் யாது என்று சாணைக்காரன் கேட்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உடன் அமர்ந்தான். முதற் சூடு ஆறியபோது துண்டுகளினின்று மிக மெல்லிய ஓசை ஒன்று எழுந்தது. அவள் ஒரு கோடு இழுத்தாள். இரண்டாம் சூடு ஆறியபோது எழுந்ததோ எழவில்லையோ என்னும்படி ஒன்று; மற்றொரு கோடு இழுத்தாள். வெளியே இரவு முதிர்ந்த வேளையில் மூன்றாம் சூடும் ஆறிற்று. இருவரும் செவி தாழ்த்திக் காத்தனர். ஒன்றும் இல்லை.

"அடங்கிட்டாரா அண்ணி?"

"அடங்கிட்டார்," என்று சொல்லி மூன்றாம் கோட்டை இழுத்தாள். கணவன் இறந்த நாளில் வராத கண்ணீர் அப்போது வந்தது.

ஆற்றப்படாத துயரும் அடங்காத எஃகும் பார்வைக்கு முழுமையாகவே தோன்றும். நாமும் அவற்றின்மேல் மூன்று கோடு இழுத்து, எல்லாம் முடிந்ததென ஊருக்குக் காட்டி, உள்ளே ஒலிப்பதைத் தனித்திருந்து கேட்டுக்கொண்டிருப்போம். அது யார் கையில் உடையும் என்பதை எண்ணோம். எண்ணாத நமக்காக இறந்தவரே வந்து கதவைத் தட்டும் பேறு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. மறுநாள் நண்பகலில் சாளரத்தின்மேல் பனி மட்டும் படிந்திருந்தது. உலைக்காரி ஒரே ஒரு குவளையில் தேநீர் ஊற்றி, அது ஆறுமுன் குடித்துவிட்டு, அடுத்த அலகை எடுத்தாள்.