மூன்று தட்டு

ப்ளைவுட்டில் கட்டி வெள்ளிச் சாயம் அடித்த விண்கலம் அது. லண்டனுக்கு மேற்கே ஒரு சினிமா ஸ்டுடியோவில் நின்றது. அதற்குள் ஆட்களை ஒவ்வொருவராகத் தின்னும் பூதம், நோரீனின் புருஷன் அல்வின். பனைமரமாக வளர்ந்ததற்குக் கிடைத்த பிழைப்பு. ரப்பர் தோலை அவனுக்கு மாட்டி, முதுகைப் பசை வைத்து ஒட்டுவது நோரீனின் வேலை. ஒட்டிவிட்டால் அவளுடைய கத்தரிதான் திறக்க வேண்டும். உள்ளேயிருந்து கத்தினாலும் வெளியே கேட்காது. அதனால் மூச்சு முட்டினால் மூன்று தட்டு, அவள் ஓடி வருவாள் என்று இருவருக்கும் பேச்சு.

அன்று மத்தியானம், பூதத்தைக் கலத்தின் வெளிவாசல் அறைக்குள் தள்ளிப் பூட்டும் காட்சி. டைரக்டர் டென்பி பன்றிக்கறி சாண்ட்விச்சை மென்றபடியே, பூதம் உள்ளிருந்து கதவைத் தட்டட்டும் என்றார். எல்லோரும் ஆகா என்றார்கள். பசைத் தூரிகையும் கையுமாக நின்ற நோரீனும் தலையாட்டினாள். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

"மெதுவா தட்டு. ஓட்டை விழுந்தா தச்சன் உன் தோலை உரிச்சிடுவான்," என்றாள்.

"அதான் தினம் நீ உரிக்கிறியே," என்றான் அல்வின். அவள் சிரித்துக்கொண்டே பூதத் தலையைக் கவிழ்த்தாள்.

கேமரா ஓடியது. அறைக்குள் புகை பாய்ந்தது. தட், தட், தட். சற்று நிதானித்து மறுபடி மூன்று. டென்பி சொக்கிப்போனார். நோரீனுக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது. அல்வினுக்கு நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது. இவ்வளவு அழகாக இடைவெளி விட்டுத் தட்ட அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"அது நடிப்பு இல்ல சார், நிறுத்துங்க," என்று டென்பியின் காதருகே கெஞ்சினாள். அவர் உதட்டில் விரல் வைத்தார். அந்த செட்டில் 'கட்' சொல்லும் வாய் ஒன்றே ஒன்று. வேறு யாராவது சொன்னால் மறுநாள் எந்த ஸ்டுடியோ வாசலையும் மிதிக்க முடியாது.

தட்டு இரண்டானது. பிறகு ஒன்றானது.

"கட்!" என்று அலறிக்கொண்டே நோரீன் விண்கலத்தை எட்டி உதைத்தாள். ப்ளைவுட் பிளந்தது. புகைக்குள் தவழ்ந்து போய், கத்தரியால் ரப்பர் முதுகைக் கிழித்தாள். நீலம் பாரித்த முகம் வெளியே வந்து, இருமி, மூச்சை இழுத்தது.

"தட்டினேனே, நோரீன்."

"கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் நின்னேன்," என்று அவன் ரப்பர் மார்பில் விழுந்து அழுதாள்.

அவளுக்கு வேலை போனது. டென்பியோ கொஞ்சமும் கூசாமல் அதே தட்டைப் படத்தில் வைத்துக்கொண்டார். படம் வந்தபோது தியேட்டரே மூச்சடக்கி உட்கார்ந்திருந்தது. திரையில் தட், தட், தட். நோரீன் தன்னையறியாமல் எழுந்து, கைப்பையில் கத்தரியைத் துழாவினாள். பின்வரிசைக்காரர்கள் திட்டினார்கள்.

பக்கத்து நாற்காலியிலிருந்து அல்வின் அவள் கையைப் பிடித்தான். "உக்காரு. நான் இங்கதான் இருக்கேன்."