ஒரு நாளைக்கு எத்தனை?

பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் பல் ஆஸ்பத்திரி பிருந்தாவுடையதுதான். அதனால் வேறு வழியில்லாமல் குமரகுருபரன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, அம்மா கோமுவின் பின்னால் வந்து நின்றான்.

மூன்று வருடங்களுக்கு முன் பிருந்தாவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை அவன். பல்லில் இருந்த கறையைப் பார்த்து, "சிகரெட்டை விட்டுருங்க, அத்தைகிட்ட சொல்ல மாட்டேன்" என்று பிருந்தா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எப்படியும் சொல்லிவிடுவாள் என்று பயந்து அவன் முந்திக்கொண்டான். பெண்ணுக்குக் கல்லூரியில் வேறொருவனோடு பழக்கம் என்று அம்மா காதில் போட்டான். கல்யாணம் நின்றது. பிருந்தாவின் அப்பா அம்பலவாணன் அதன்பிறகு சொந்தக்காரர் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

"ஞானப்பல்லு எடுத்து அஞ்சு நாளாவுது. எடுத்த எடத்துல வலி உயிர் போவுது" என்றாள் கோமு.

பிருந்தா அவனை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். குழியை மூடியிருக்க வேண்டிய ரத்தக்கட்டு இல்லை. எலும்பு வெளியே தெரிந்தது. காரணம் பிருந்தாவுக்குப் புரிந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்தது.

"அம்மா, நீ செத்த வெளிய இரேன்."

"ஏம்லே, நான் இருந்தா என்ன?"

எத்தனையோ பிள்ளைகளுக்காக அம்மாக்களைப் பக்குவமாக வெளியே அனுப்பியவள்தான் பிருந்தா. இன்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இருங்க அத்தை. சில கேள்வி கேக்கணும். சுகர் உண்டா?"

"கிடையாது."

"பல்லு எடுத்தன்னைக்கு ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினாரா? வாயைப் பலமாக் கொப்பளிச்சாரா?"

"நான்தான் கூடவே இருந்தேனே. கஞ்சிய ஆத்தி ஆத்திக் குடுத்தேன்."

"சிகரெட்?"

"எம்பிள்ளையா? பல்லு எடுத்த டாக்டரும் இதத்தான் கேட்டாரு. எங்க வீட்டுல அந்த வாடையே கிடையாதுன்னுட்டேன்."

"அதனாலதான் புகையை இழுத்தா குழியில ரத்தம் கட்டாதுன்னு அவரு எச்சரிக்காம விட்டிருக்காரு. இப்ப உங்க மகனே சொல்லட்டும். ஒரு நாளைக்கு எத்தனை?"

அவன் கண் கெஞ்சியது. பிருந்தா பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.

"அஞ்சு."

"சரியாச் சொல்லுங்க."

"பத்து. பல்லு எடுத்தன்னைக்கு மூணு. மாடியில."



"எனக்கு அப்பவே தெரியும் அத்தை. இவருகிட்ட விடச் சொன்னேன். அதுக்கப்புறம்தான் என்னைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொன்னாரு."

கோமு மகன் பக்கம் திரும்பினாள். "ஏலே, அந்தக் காலேஜுப் பையன் பேரு என்ன?"

"அப்படி யாருமில்லம்மா."

பிருந்தா குழியைக் கழுவி மருந்துத்துணி வைத்தாள். பத்து நிமிடத்தில் வலி இறங்கியது.

"மருந்து மாத்த நாளைக்கு வரணும். ஒத்த சிகரெட் பிடிச்சாலும் ஆறாது" என்றவள் கோமுவிடம் திரும்பினாள். "என்னைப் பத்தின அந்தப் பேச்சை எத்தனை வீட்டுல சொன்னீங்க அத்தை?"

"பத்துப் பன்னெண்டு இருக்கும்" என்றாள் கோமு, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அத்தனை வீட்டுக்கும் இவரைக் கூட்டிட்டுப் போங்க. முதல்ல எங்க வீடு."

"வீக்கம் வத்தட்டுமே" என்று முனகினான் குமரகுருபரன்.

"வீக்கத்தோடயே நடலே" என்றாள் கோமு.

உச்சி வெயிலில் அப்பாவிடமிருந்து போன் வந்தது. "பிருந்தா, குமரகுருபரன் வாசல்ல நிக்கான். தப்பு தன்மேலதான்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லுதான். உள்ள கூப்பிடவாம்மா?"

"அத்தையை மட்டும் கூப்பிட்டுத் தண்ணி குடுங்கப்பா" என்றாள் பிருந்தா. "அவரு இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்."