தாளில் இல்லாத தண்ணீர்

…தாண்டிவிடலாம், பதினேழை மட்டும் தாண்டிப் பதினெட்டாம் வீட்டுக்குப் போய்விடலாம், வீட்டில் ஆள் இல்லை என்று ஓரத்தில் எழுதிவிட்டால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள், டாக்டரா வருவார், கடற்கரையில் நாலடி வைத்தால் பூட்ஸுக்குள் மணல் போய்விடும் அவருக்கு… என்று ஓடிய நினைப்பை நர்ஸ் லூர்தம்மாள் தானே பிடித்து நிறுத்தினாள். பொய் எழுதவா இத்தனை வருஷம் பென்சில் பிடித்தது? ஜட்கா தலத்தெருவை விட்டு வெளியேறி வயல்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது, தை மாதத்து வெயில் இன்னும் ஏறவில்லை, அறுப்பு முடிந்த தாளடியில் கொக்குகள் நின்றன. மடியில் தோல்பை. பைக்குள் நாற்பது தாள், தாளுக்குப் பத்துக் கேள்வி, கோட்டுச்சேரிமேட்டுத் தாய்மார்கள் நாற்பது பேருக்கும் இது மூன்றாவது தடவை. பாடம் நடத்துவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டாயிற்று, நடத்தி ஒரு மாதத்தில் ஒரு தடவை, இப்போது நாலு மாதம் கழித்து, சொல்லிக்கொடுத்தது இன்னும் மனசில் நிற்கிறதா என்று பார்க்க. பதினேழாம் தாள் பெரியநாயகியுடையது. அவளுடைய மகள் ராசாத்தி, இரண்டரை வயசு, போன மாசம், மார்கழியில், வாந்திபேதியில் போய்விட்டாள். அந்தத் தாயின் முன்னால் போய் உட்கார்ந்து, வாந்திபேதி எதனால் வருகிறது, சொல்லு பார்ப்போம் என்று கேட்க வேண்டும். மூன்றாவது கேள்வியே அதுதான்.

டாக்டர் சந்தனசாமி கல்நெஞ்சக்காரர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறி இரண்டு வருஷம் ஆகிறது, புது அரசாங்கம் ஜனங்களுக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடு என்கிறது, எப்படிச் சொல்லிக்கொடுத்தால் ஏறும் என்று ஒருவரும் கேட்கவில்லை, இவர் ஒருவர்தான் கேட்டார், கேட்டு இரண்டு குப்பத்தில் இரண்டு விதமாக நடத்திப் பார்க்கச் சொன்னார். கருக்களாச்சேரியில் படம் காட்டிப் பேச்சு மட்டும். கோட்டுச்சேரிமேட்டில் பேச்சு கொஞ்சம், வேலை அதிகம். பெண்களே அடுப்பு மூட்டி, தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பானையில் ஊற்றி மூடி, அகப்பையால் மொண்டு, எல்லாம் அவர்கள் கையாலேயே. இரண்டில் எது நிற்கிறது? இரண்டாம் தடவையே விடை தெரிந்துவிட்டது, கருக்களாச்சேரி பாதிக்குப் பாதி, கோட்டுச்சேரிமேட்டில் முப்பத்தெட்டுப் பேர் எட்டுக்கு மேல். டாக்டர் அதைப் பாண்டிச்சேரியில் பெரியவர்கள் சபையில் படிக்கப் போகிறார். லூர்தம்மாளுக்கும் உள்ளூரப் பெருமைதான், பாடம் நடத்தியவள் அவளல்லவா. நேற்று அவரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள், அவ பிள்ளை செத்துப்போச்சுங்க டாக்டர், அவளை மட்டும் விட்டுடலாமே. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் வருத்தந்தாம்மா. ஆனா நாப்பதுன்னா நாப்பது, ஒண்ணு விட்டா எல்லாம் நொண்டும். அதுவும் அவ போன தடவை பத்துக்குப் பத்து" என்றார். பத்துக்குப் பத்து. அதுதான் ஒரு மாதமாக அவளைப் படுத்திக்கொண்டிருந்தது. எல்லாம் தெரிந்தவள் வீட்டில், கொதிக்கவைத்துத்தான் குடிப்பேன் என்று சொன்னவள் வீட்டில், சொன்னபடி செய்ததை இவளே அடுப்படியில் நின்று பார்த்த வீட்டில், அந்தச் சாவு எந்த வழியாக உள்ளே வந்தது?

வழி இன்று காலையில் தெரிந்தது, தெரியாமலே இருந்திருக்கலாம். தனிக்கட்டைக்கு ஒரு வேளைச் சமையல், சாயங்காலம் பொங்கிய சோற்றில் மிஞ்சியதற்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்குப் பழையது. காலையில் சட்டியைத் திறந்தாள், சோறு கெட்டியாக இருந்தது, குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு ஊற்றினாள், உப்புப் போட்டுப் பிசைந்தாள், நீராகாரத்தைத் தம்ளரில் வடித்து வாய்வரை கொண்டுபோனாள்… குடம். குளத்திலிருந்து வந்த குடம். பக்கத்திலேயே, ஒரு முழம் தள்ளி, காய்ச்சி ஆறிய தண்ணீர், மூடிபோட்டு, அகப்பையோடு. அவள் கை அந்தப் பக்கம் போகவே இல்லை. நேற்றும் போகவில்லை, போன வருஷமும் போகவில்லை. ஊருக்கெல்லாம் கொதிக்கவை கொதிக்கவை என்று தொண்டை வற்றப் பேசியவளின் கை! பழையதை யார் தண்ணீர் என்று சொல்கிறார்கள், அது சோறு, சோற்றின் சாறு, வயிற்றுக்குக் குளிர்ச்சி, பல் முளைக்காத பிள்ளைக்குக்கூட ஒரு வாய் ஊட்டுகிற பண்டம். பத்துக் கேள்வியில் ஐந்தாவது, உன் வீட்டில் குடிப்பது எந்தத் தண்ணீர். காய்ச்சின தண்ணீர் என்று பெரியநாயகி சொன்னாள், அது சத்தியம். லூர்தம்மாள் தம்ளரைக் கீழே வைத்தாள், ராசாத்தி விடிந்ததும் எதைக் குடித்திருப்பாள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பிள்ளை ஒரு கிளிப்பிள்ளை. பாடம் நடந்த நாட்களில் இந்தப் பையைத் திறந்து படத்தையெல்லாம் இழுத்துப் போடும், எல்லாரும் சொல்வதில் ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொள்ளும், பானையை மூடி வைக்க வேண்டும் என்றால் "மூடி… மூடி…" என்று தன் தலைமேல் கையை வைத்து மூடிக் காட்டும். இப்போதும் பையின் வாரை யாரோ இழுக்கிறார்கள், சின்னக் கை, லூர்தம்மாள் திடுக்கிட்டுப் பார்த்தாள், வார் வண்டிச் சட்டத்தில் மாட்டியிருந்தது. எடுத்துவிட்டாள். நாலடி போவதற்குள் மறுபடி இழுத்தது. இந்த முறை அவள் திரும்பிப் பார்க்கவில்லை, சட்டத்தில் மாட்டாமலே இழுப்பதாக இருந்தால் என்ன செய்வது?

வாய்விட்டு யாரிடமாவது பேசினால் தேவலை போலிருந்தது. "பாய், காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றாள். வண்டிக்காரர் பீர் மைதீன் சிரித்தார். "என்ன நர்சம்மா, குதிரைக்குப் புல்லு போட்டியான்னு கேக்காம என்னைக் கேக்குறீங்க. பழையதுதான், தொட்டுக்கக் கருவாடு." ஊற்றிய தண்ணீர் எது? "எது என்ன, கெணத்துத் தண்ணிதான்." காய்ச்சினதா? அவர் திரும்பியே பார்த்துவிட்டார். "பழையதுக்குப் போயி யாராச்சும் காச்சி ஊத்துவாங்களா? குடிக்கிறதுக்குத்தான் காச்சுற தண்ணி. எங்க வூட்டுல ஜன்னத்து நீங்க சொன்னதுலேருந்து ஒரு நா தவறுனதில்ல, பொகை நாத்தத்தோட நானும் குடிச்சுக்கிட்டுதான் கெடக்கேன்." ஜன்னத்துக்கும் கேள்வித்தாள் கொடுத்தால் பத்துக்குப் பத்து வாங்குவாள், எல்லாரும் வாங்குவார்கள், டாக்டர் பாண்டிச்சேரியில் படிப்பார், கைதட்டுவார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சரி, அது மட்டுந்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும், குளத்தில் முங்கிய பிள்ளை ஒரு வாய் குடித்திருக்கலாம், ஈ மொய்த்த பண்டம் தின்றிருக்கலாம்… ஆனால் இல்லை, அவளுக்குத் தெரியும். தெரிந்ததைப் பெரியநாயகியிடம் எப்படிச் சொல்வது? நீ விடிந்ததும் ஊற்றிக் கொடுத்தாயே, அதில்தான் இருந்தது. நீ பிசைந்து ஊட்டினாயே, அந்தக் கையில்தான். சொன்னால் அவள் அந்தக் கையை வைத்துக்கொண்டு மீதி ஆயுளை எப்படி ஓட்டுவாள்? சொல்லாமல் விட்டால் மற்ற முப்பத்தொன்பது வீட்டிலும் நாளைக் காலையில் சட்டி திறப்பார்கள். அவளை விட்டுவிட்டு மற்றவர்களிடம் மட்டும் சொன்னால்? மூச்சு விட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குப்பம், அரை நாழிகையில் அவள் காதுக்குப் போய்விடும், அதுவும் யார் வாயாலோ. வேண்டாம். இன்றைக்குக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடலாம், பெற்றவளின் துக்கம் கொஞ்சம் ஆறட்டும், பங்குனிக்கு மேல் ஒரு நாள் பொதுவாகப் பழையது பற்றிப் பாடம் வைத்துக்கொள்ளலாம், அதுதான் இரக்கம், அதுதான் மனுஷத்தன்மை. இப்படி முடிவு பண்ணியதும் நெஞ்சு லேசானது. ஏன் இவ்வளவு லேசானது என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சவுக்குத் தோப்போடு வண்டி நின்றுவிட்டது. மணலில் நடந்து பதினாறு வீடு முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்தது. எல்லா வீட்டிலும் நல்ல பதில்கள், சிலபேர் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்கள். பதினேழாம் வீட்டில் பெரியநாயகி வாசலில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள், புருஷன் செல்லையன் கட்டுமரத்தில் போயிருந்தான். இளைத்திருந்தாள். "வாங்க நர்சம்மா, இன்னக்கி வருவீங்கன்னு சொன்னாங்க" என்று பலகையைத் துடைத்துப் போட்டாள். லூர்தம்மாள் தாளை விரித்தாள், குரலைச் சரிபண்ணிக்கொண்டாள், முதல் கேள்வி, இரண்டாவது… மூன்றாவதுக்கு வந்ததும் எழுத்துகள் மங்கின. பெரியநாயகியே எடுத்துக்கொடுத்தாள். "வாந்திபேதி எதனால வருதுன்னுதானே. கெட்ட தண்ணியால, ஈயால, கை கழுவாததால." ஒரு வார்த்தை பிசகவில்லை, பாடத்தில் சொன்னதே சொன்னபடி. குரலில் அழுகை இல்லை, அதுதான் தாங்கவில்லை. ஐந்தாவது? காச்சுன தண்ணி. பத்தாவதும் முடிந்து, பென்சில் தானாகவே பத்து என்று போட்டது.

"எத்தனை?" என்றாள் பெரியநாயகி. பத்து என்றதும் தலையை ஆட்டிக்கொண்டாள். வலையைக் கீழே வைத்தாள். "அப்ப எனக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சுதான் பண்ணிட்டேன்" என்றாள். லூர்தம்மாளுக்குப் புரியவில்லை. பெரியநாயகி குரலைத் தாழ்த்தினாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது. "இதை எங்க வூட்டு ஆளுகிட்டகூடச் சொல்லல. மார்கழி மழையில வெறகு நனைஞ்சுபோச்சு நர்சம்மா. கொதி வரல. ஊதி ஊதிப் பாத்தேன், கண்ணெல்லாம் எரிஞ்சுது, லேசா ஆவி வந்துச்சு, போதும்னு எறக்கிட்டேன். ஒரே ஒரு நா. மக்யா நாளு புள்ளைக்கு வாந்தி எடுத்துருச்சு. அந்த அடுப்பை நான் இன்னும் கொஞ்ச நேரம் ஊதியிருந்தா…" அவள் தன் வலதுகையைப் பார்த்துக்கொண்டாள், ஊதுகுழல் பிடித்த கை. ஆக, எந்தப் பழி அவளை நெருங்கிவிடக் கூடாது என்று இவள் வழியெல்லாம் பயந்து வந்தாளோ, அது ஒரு மாதத்துக்கு முன்னாலேயே வந்து அந்த வீட்டில் குடியேறிவிட்டது, அதுவும் தப்பான முகத்தோடு. ஈர விறகில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்து, அப்ப எதுல, என்று கேட்பாள்.

"எதையும் மறைக்கல நர்சம்மா" என்றாள் பெரியநாயகி, "அந்த ஒரு நாளு தவிர நீங்க செஞ்சு காமிச்சதை அப்புடியேதான் செஞ்சேன். நீங்க என்ன பண்ணீங்களோ அதேதான்." நான் என்ன பண்ணினேன்… லூர்தம்மாள் சுற்றிப் பார்த்தாள், இதே வாசல், இதே பலகை, புரட்டாசி வெயில், பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் அடுப்பு, தண்ணீர் கொதித்து முடிந்துவிட்டது, பாடம் முடிந்துவிட்டது, அவளுக்கு வேர்த்துக் கொட்டுகிறது, தொண்டை காய்கிறது, காய்ச்சிய தண்ணீர் இன்னும் ஆறவில்லை. அப்போது பெரியநாயகி உள்ளே போய்ப் பழையது சட்டியில் குடத்துத் தண்ணீர் ஒரு செம்பு ஊற்றிக் கலக்கி, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் நாலு உரித்துவைத்து, எங்க வூட்டுல குடிப்பீங்களா என்று தயங்கித் தயங்கி நீட்டுகிறாள், கொடு கொடு என்று இவள் வாங்கி அண்ணாந்து குடிக்கிறாள், இன்னொரு செம்பு கேட்டும் குடிக்கிறாள், அமிர்தம் என்கிறாள், அத்தனை பேரும் சந்தோஷப்பட்டுச் சிரிக்கிறார்கள், நர்சம்மா நம்ம வீட்டில் குடித்துவிட்டது என்று. மிச்சம் இருந்த ஒரு வாயை, மடியில் ஏறி உட்கார்ந்து செம்புக்குள் எட்டிப் பார்த்த பிள்ளைக்குக் கொடுத்தது யார்? தன் கையால், சிரித்துக்கொண்டே. செய்து காட்டினால் நிற்கும் என்றார் டாக்டர். நின்றிருக்கிறது.

சொன்னால் பெரியநாயகி தாங்குவாளா என்றா காலையிலிருந்து தவித்தேன்? அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இரக்கம் என்று பேர்கூட வைத்தேன், அவளைப் பற்றியே வழிநெடுக எத்தனை வாக்கியம் ஒத்திகை பார்த்தேன், என்னைப் பற்றி ஒன்றுகூடப் பார்த்துவைக்கவில்லையே. லூர்தம்மாள் பத்து என்று போட்ட தாளை மடியில் கவிழ்த்தாள். அங்கே பெரியநாயகி முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்திருந்தாள். "விறகாலதானே நர்சம்மா? நீங்களே சொல்லிடுங்க, நீங்க சொன்னா நான் கேட்டுக்குறேன்" என்றாள்.